வெள்ளை நூல் கட்டிய குப்பி

அன்றைக்கு வேலந்தாவளம் கொட்டகையில் இருந்தவர்கள்: மேனன் டாக்டர், கம்பவுண்டர் சாமிநாதன், மூட்டு வலிக்கு மருந்து குடிக்க மலையடிவாரத்திலிருந்து இறங்கி வந்த பத்துப் பேர், அடுப்பு வேலைக்கு நான். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி நீ.

இத்தனை வருஷம் கழித்து இந்தக் கடுதாசி ஏன் என்று கேட்பாய். பேரனுக்கு டெங்குக் காய்ச்சல். அவன் பெண்டாட்டி காலையில் பப்பாளி இலையை மிக்சியில் அரைத்தாள். அந்தப் பச்சைக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று தடவை வாசலுக்குப் போய்த் திரும்பிவிட்டேன். மூணாங்கிளாஸ் எழுத்துதான், பொறுத்துக்கொள்.

எதையும் பெரிசாகக் காட்டும் அந்தக் குழாயில் டாக்டர் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னது நினைவிருக்கிறதா? வட்டமாக இருக்க வேண்டிய உன் ரத்தத் துளிகளில் பாதி, கருக்கரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன. வளைந்தவை அடைத்துக்கொள்வதால்தான் வலி என்றார். நீ சிரித்தாய்.

“அப்ப என்ற உடம்புக்குள்ள அறுப்பு நடக்குதாக்கும். கூலி யாருங்க குடுக்கறது?”

பப்பாளி இலைக் கஷாயம் அந்த வலியைக் குறைக்குமா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். ஐந்து பேருக்குச் சிவப்பு நூல் கட்டிய குப்பி, அதில் கஷாயம். ஐந்து பேருக்கு வெள்ளை நூல், அதில் வேப்பிலை போட்டுக் கசக்க வைத்த வெந்நீர். குடிப்பவர்களுக்கு எது என்னவென்று தெரியக் கூடாது. இரண்டையும் ஒத்துப் பார்த்தால்தான் குணமாக்கியது மருந்தா மனசா என்று தெரியுமாம். சீட்டுக் குலுக்கியதில் உனக்கு வெள்ளை.

குப்பி நிரப்புவது நான். முதல் வாரம் வெந்நீரைத்தான் ஊற்றினேன். கொட்டகைக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீ மண்ணில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து உன் வெள்ளை நூல் குப்பியில் கஷாயம். உன்னிடம் மட்டும் சொன்னேன். “திருட்டுக் கழுதை” என்று என் கன்னத்தைக் கிள்ளினாய்.

கம்பவுண்டருக்கு என் மேல் எப்போதும் ஒரு கண். “ஏ மூணாங்கிளாசு, குப்பிய மாத்துனீன்னா வேலையும் போயிரும், போலீசும் வந்துரும், தெரியுமில்ல?” என்பான். அந்த வேலை போனால் என் அம்மாவுக்குக் கஞ்சி கிடையாது. அது உனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துக் கடைசி நாள். நான் முதலில் சொன்ன எல்லோரும் அன்று இருந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினார். சிவப்பு நூல்காரர்களில் இரண்டு மூன்று பேர் வலி கொஞ்சம் தேவலை என்றார்கள். வெள்ளையில் நீ ஒருத்திதான். ஆனால் எல்லோரையும்விட நீதான் தெளிவாக இருந்தாய். மாட்டுச் சந்தையை முழுக்கச் சுற்றிவிட்டு மூச்சு வாங்காமல் வந்து நின்றாய்.

“இதெந்தா? நீ வெள்ளையல்லே? குப்பி மாறிப் போச்சோ?” டாக்டர் என்னைப் பார்த்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உன் குதிகால் என் கால் கட்டைவிரல் மேல் இறங்கியது.

“ஒண்ணும் மாறுலீங்க சார். வெள்ளை நூலுதானுங்க குடிச்சேன். அதுலயே சரியாப் போச்சுங்க.”

அவர் உன் பெயரை வெள்ளையிலேயே எழுதினார். “வெறும் தண்ணி குடிச்சே இத்தற சுகமெங்கில், பின்னெ இலை எதுக்கு?” என்று நோட்டை மூடினார். அடுத்த வாரம் கொட்டகை காலி.

நான் வீட்டில் இலை காய்ச்சி உன் குடிசைக்குத் தூக்கி வந்தேன். டாக்டர் வடிகட்டிய பிறகு ஏதோ பொடி கலப்பார். அது என்னவென்று எனக்குத் தெரியாது. என் கஷாயம் உனக்கு வாந்தியைத்தான் கொடுத்தது. ஆடி மழையில் கண் மஞ்சளித்து நீ போய்விட்டாய்.

உன்னை நடக்க வைத்தது இலையா, பொடியா, நான் திருடித் தந்தேன் என்ற தெம்பா? இன்றைக்கும் தெரியவில்லை. நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவர் என்னை விரட்டியிருப்பார். ஆனால் உன் பெயரைச் சிவப்பில் எழுதியிருப்பார். அந்த அடுப்பு இன்னும் கொஞ்ச நாள் எரிந்திருக்கும்.

கம்பவுண்டரை என் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் பழி தீர்த்துக்கொண்டேன். டாக்டர் இறந்த சேதி வந்த அன்று அவரை மன்னித்தேன். வாயை மூடிக்கொண்டு நின்ற என்னைக்கூட எப்படியோ மன்னித்துவிட்டேன். நீ மிதித்த நகம் கறுத்து விழுந்தது. அதற்குப் பிறகு வளைந்தேதான் முளைக்கிறது. அதை வெட்டும்போதெல்லாம் கேட்கிறேன்: என் வேலையைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யாரடி கேட்டது?

உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன், மருதி.