சுவை பார்ப்பவளின் வயிறு

மார்ச் 3

காலையில் மட்டும் பதினொரு பிஸ்கட். மூன்றாம் அடுப்பிலிருந்து வந்ததில் சோடா கூடிப்போயிருந்தது. வாயில் தெரியவில்லை. தொண்டையில் இறங்கிய பிறகுதான் சோப்புத் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு பின்சுவை. அடுப்பை நிறுத்தச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர் எதையும் இரண்டு தடவை முகராமல் வாயில் வைக்க மாட்டார். அதனால் தொழிற்சாலை முழுக்க அவருக்குப் பூனை என்றுதான் பெயர். "எனக்கு ஒண்ணுமே தெரியலையேக்கா" என்றார். எப்படித் தெரியும்? அவர் சட்டப்படி மென்று துப்புகிறவர். சுவை மேசையில் எல்லோரும் துப்ப வேண்டும் என்பதுதான் விதி, அதற்கென்றே ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள். நான் பத்தொன்பது வருடமாக விழுங்குகிறேன். கொழுப்பு கெட்டால் வரும் சிக்கு வாடை, சோடா, வேகாத மாவு எல்லாம் தொண்டையில்தான் பிடிபடும். நாக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. அதை அரைகுறையாக வேலை வாங்க எனக்கு மனம் வராது.

நூற்றுப் பதினெட்டு கிலோ இப்படித்தான் வந்தது.

மார்ச் 9

மகள் சொல்கிறாள்: "மத்தியானம் சோபால தூங்கினியேம்மா, நடுவுல மூச்சே விடல. நான் எண்ணினேன். இருபத்தாறு வரைக்கும்."

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை வேறு மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை. தூ. என்ன பிழைப்பு இது?

மார்ச் 21

டாக்டர் காகிதத்தில் வயிற்றை வரைந்து காட்டினார். மேலே முட்டை அளவுக்கு ஒரு பையை மட்டும் விட்டுவிட்டு, குடலைக் கொண்டுவந்து அதோடு இணைத்துவிடுவாராம். சாப்பாடு மீதி வயிற்றைப் பார்க்காமலே போய்விடும். பத்தொன்பது வருடம் பாடுபட்ட வயிறு, இனி ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

"சர்க்கரை அடங்கும், தூக்கத்துல மூச்சு நிக்கறது குறையும். ஆனா இனிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு போட்ருங்க. முழுங்கினா உடம்பே உங்களைத் தண்டிக்கும்" என்றார். போகிற போக்கில், "சிலருக்கு வாய் ருசியும் மாறும்" என்றார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆளுக்கு ஆள் மாறும்மா. திட்டமா சொல்ல முடியாது."

படிவத்தில் தொழில் கேட்டிருந்தார்கள். 'தொழிற்சாலை ஊழியர்' என்று எழுதினேன். பிஸ்கட் தின்று சம்பளம் வாங்குகிறவள் என்று சொன்னால், நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்பார். யோசித்தால் ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும். தொழிற்சாலையில் பித்தப்பையில் கல் என்று சொல்லி விடுப்பு கேட்டிருக்கிறேன். ருசி மாறலாம் என்று தெரிந்தால் அன்றைக்கே மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். ஆக, இங்கே பாதி, அங்கே பாதி. மொத்த உண்மை இந்த நோட்டுக்கு மட்டும்.

ஏப்ரல் 17

நாளைக்கு அறுவை. இரண்டு வாரமாகச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு தூளைக் கரைத்துக் குடிக்கிறேன். டப்பாவில் 'வெனிலா' என்று போட்டிருக்கிறது. போட்டவனை ஒரு நாள் என் மேசையில் உட்காரவைக்க வேண்டும்.

ஏப்ரல் 20

வலி. எழுந்து நட, நட என்கிறார்கள். நடந்தேன். நர்ஸ் கைதட்டினாள். கைதட்டுகிற அளவுக்கா ஆகிவிட்டேன்.

ஏப்ரல் 28

மருந்து மூடி அளவு தண்ணீர். அதைக் குடிக்கக் கால் மணி நேரம். ஒரு மடக்கு கூடினாலும் நெஞ்சில் கல்லாக நிற்கிறது, பிறகு வாய் நிறைய வழவழவென்று நுரை பொங்குகிறது. துண்டில் துப்பித் துப்பி, துண்டைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. ஏப்பம் அழுகிய முட்டை மாதிரி நாறுகிறது. அந்த நாற்றம் எனக்குள்ளிருந்து வருகிறது, வேறு யாரையும் திட்ட முடியாது.

மே 14

கணவர் முட்டையையும் காரட்டையும் மிக்சியில் அடித்துக் கொண்டுவந்தார். "நம்ம பொண்ணுக்கு ஊட்டினது ஞாபகம் வருது" என்று ஒரே சந்தோஷம். மூன்று கரண்டி போனது. நாலாவது திரும்பி வந்தது. அவர் முகம் சுளிக்காமல் துடைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 3

வேலைக்குத் திரும்பினேன். வாசலிலேயே வெண்ணெய் மணம் வந்து முகத்தில் அடித்தது. எவ்வளவு பிடித்த மணம்! இன்று ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றமாக இருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டு மேசைக்குப் போனேன்.

முதல் பிஸ்கட்டில் சிக்கு வாடை. இரண்டாவதிலும். பயந்துபோய், பெட்டியைத் திறந்து மாதிரி பிஸ்கட்டை எடுத்தேன். இதுபோல் இருக்க வேண்டும் என்று பூட்டி வைத்திருக்கும் சரியான பிஸ்கட், மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் வெளியே போகும். அதுவும் சிக்கு. மாதிரியே குமட்டினால் குறை என் வாயில்தானே? அப்படியானால் குமட்டலைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்ல வேண்டியதுதான். உப்பு, மொறுமொறுப்பு, நிறம், இவையெல்லாம் இன்னும் தெரிகிறதே. சமாளித்துவிடலாம்.

கிண்ணத்தில் துப்பினேன். பூனை பார்த்தார்.

ஜூன் 4

கிரீம் பிஸ்கட்டில் ஒரே ஒரு துண்டை விழுங்கிப் பார்த்தேன். வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைந்து... இருபது நிமிடம் கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுங்குவது முடிந்த கதை.

ஜூலை 16

நாத்தனார் வந்திருந்தாள். "இப்பத்தான் அண்ணி எங்க அண்ணனுக்கு ஜோடி மாதிரி இருக்கீங்க" என்றாள். இருபது வருடமாக யார் மாதிரி இருந்தேனாம்? கணவர் உடனே போனை எடுத்துவிட்டார். அதில் என் பழைய படம் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். "அப்பப் பாரு... இப்பப் பாரு..." பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார், அவர் ஆபீஸ் முழுக்கப் பார்த்தாயிற்று. படத்தில் இருக்கிறவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இவர்கள் பார்க்காதது: குளிக்கும்போது சாக்கடை வாயை அடைக்கிற அளவுக்கு முடி. தொடை வரை மடிந்து தொங்கும் வயிற்றுத் தோல். மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகி ஒரு புளித்த வாடை. தூக்கிப் பிடித்துத் துடைத்துப் பவுடர் போடுகிறேன், தினம் இரண்டு வேளை. தொடவே கூசுகிறது.

ஆனால் எல்லோருக்கும் நல்லா இருக்கேனாம். எனக்கு மட்டும்தானே குமட்டுகிறது? மேசையில் செய்வதையே இங்கேயும் செய்தேன். குமட்டலைக் கழித்துவிட்டு நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 20

இரண்டாம் அடுப்பு. பூனை முகர்ந்தார், மென்றார், துப்பினார், மறுபடி முகர்ந்தார். "அக்கா, லேசா சிக்கு வாடை வருதோ?"

எனக்கும் வந்தது. இரண்டரை மாதமாக எனக்கு எது வராமல் இருந்தது? கழித்தேன். "இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு. போகட்டும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார். இன்று அவர் முறை.

செப்டம்பர் 11

பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகிறது. ஆகஸ்ட் இருபது, இரண்டாம் அடுப்பு. கொழுப்பு டின்கள் அடுப்புச் சுவரை ஒட்டி ஒரு வாரம் கிடந்து கெட்டிருக்கின்றன. அந்தக் கொழுப்பு உண்மையாகவே சிக்குப் பிடித்திருக்கிறது.

தர அதிகாரி ஒரு அம்மாவின் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். 'பிள்ளை வாயில் வைத்ததும் துப்பினான். அடம் பிடிக்கிறான் என்று அடித்துவிட்டேன். பிறகு நான் தின்று பார்த்தேன்.'

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் பார்க்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12

பூனையைத் திங்கட்கிழமை முதல் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கையெழுத்து அவருடையது. விசாரித்தபோது என் பேச்சையே அவர் எடுக்கவில்லையாம். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், "ஏன் தம்பி என் பேரைச் சொல்லல?" என்றேன்.

"பத்தொன்பது வருசத்துல நீங்க ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்லையேக்கா. உங்களுக்கே தெரியாத வாடை எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு என்னமோ தற்செயலா... எனக்கு இந்த வேலைக்கான மூக்கு இல்லக்கா."

அய்யோ. அந்த மனுசனுக்கு அன்னிக்குத் தெரிஞ்சுது. சரியாத் தெரிஞ்சுது. நான்தான் இல்லன்னுட்டேன். வாயில நாத்தத்த வச்சிக்கிட்டே நல்லா இருக்குன்னு சொன்னேன். இப்ப அவர் தன் மூக்கையே நம்பமாட்டேங்கறார். என்ன ஜென்மம் நான்? மூணு மாசமா அந்த நாற்காலிய வெறுமனே தேய்ச்சிக்கிட்டு... தூ.

சொன்னால் மேசை போகும். சொல்லாவிட்டால்? வழக்கமாக இறங்கும் நாலு கரண்டிகூட இன்று இறங்கவில்லை.

செப்டம்பர் 14

சொல்லிவிட்டேன்.

தர அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. "பித்தப்பைன்னு எழுதியிருந்தீங்களே?" என்று லீவு காகிதத்தைத் தேடினார். மாதிரிப் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் முன்னாலேயே மென்றேன். "இதுவும் எனக்குச் சிக்கு வாடைதான் சார். இருக்கறது எல்லாமே அப்படித்தான். இரண்டாம் அடுப்பு சரக்கை அவர் சந்தேகப்பட்டார். நான்தான் அனுப்பச் சொன்னேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"ஜூன் மூணாம் தேதியிலிருந்து."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னார். "அப்ப ஜூன் மூணாம் தேதியிலிருந்து அந்த நாற்காலியில ஆளே இல்ல."

பூனை மேசைக்குத் திரும்புகிறார். நான் கடிதப் பிரிவுக்குப் போகிறேன், புகார்களுக்குப் பதில் எழுத. வேலையை விட்டு அனுப்பவில்லை, அது அதிகாரியின் பெருந்தன்மை. கழிப்பறையில் போய் அழுதேன். ருசிக்காக இவ்வளவு அழ முடியும் என்று தெரியாது.

செப்டம்பர் 15

கணவரின் நண்பர் வந்தார். இவர் போனை எடுத்தார். "அப்பப் பாருங்க..."

"என்னங்க, அதை அழிச்சிடுங்க."

"ஏன்? பெருமையாத்தானே காட்டறேன்?"

"எனக்குக் குமட்டுது."

"ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பாட்டுல இல்ல. நீங்க அதைக் காட்டறதுதான் குமட்டுது. அவளைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்."

நண்பர் செருப்பைத் தேடினார். கணவர் இரண்டு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், இருக்கட்டும். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, நான் அழிக்கட்டா? உங்களுக்கு அந்தப் போன்ல ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அக்டோபர் 10

எண்பத்தொன்பது கிலோ. சர்க்கரைக்கான ஊசி நின்றுவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன் என்று மகளே சான்றிதழ் கொடுத்துவிட்டாள். டாக்டரிடம் இன்றுதான் என் தொழிலைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா."

"சொல்லியிருந்தா ஆபரேஷன் வேண்டாம்னிருப்பீங்களா?"

"அதைச் செஞ்சிருப்பேன். உங்க உடம்பு இருந்த இருப்புக்கு வேற வழியில்ல. ஆனா நாக்கு திரும்பற வரைக்கும் அந்த மேசைப் பக்கமே போகக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருப்பேன்."

ஒரு காகிதத்தில் முடிந்திருக்கும். அந்த நாக்கு திரும்புமா என்று கேட்டேன். பழையபடியே வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22

மடிப்புப் புண் ஆறுகிறது. தோல் தோலாகத்தான் தொங்குகிறது. பிடிக்கவில்லை. பிடிக்கிறது என்று யாரிடமும் சொல்லப் போவதுமில்லை.

நவம்பர் 6

கடிதப் பிரிவில் ஒரு கட்டு அச்சடித்த பதில் வைத்திருக்கிறார்கள். 'தங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் தரப் பரிசோதனையில் எந்தக் குறையும் தென்படவில்லை.' கையெழுத்துப் போட்டு உறைக்குள் வைத்தால் போதும், ஒரு நாளில் நாற்பது முடிக்கலாம் என்று சொல்லித் தந்தார்கள்.

இன்று ஒரு பெரியவர் பாதிப் பொட்டலத்தோடு கடிதம் அனுப்பியிருந்தார். 'மாவு நாக்கில் ஒட்டுகிறது. வீட்டில் மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒருவேளை வயதாகி என் வாய்தான் கெட்டுவிட்டதோ என்னவோ. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.'

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். பூனை முகர்ந்தார். மென்று துப்பினார். மறுபடி முகரவில்லை.

"நாலாம் அடுப்பு. நடுவுல வேகல."

"நிச்சயமாவா தம்பி?"

"நிச்சயம்தான்க்கா."

திரும்பி வந்து, அச்சடித்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினேன். 'ஐயா, உங்கள் வாய் சரியாகத்தான் இருக்கிறது. பிஸ்கட்தான் வேகவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.'

கீழே என் கையெழுத்தைப் போட்டேன். இன்றைக்கு மொத்தம் ஒன்பது கடிதம்தான் முடிந்தது.