மூன்றாம் வளைவின் ஒட்டு

அய்யாரு மாதம் 17
சூரியன் எழுந்து இரண்டு நாழிகை. ஆள் 84, கூடை 212. நினிவேக்கு மலைத்தண்ணீர் கொண்டுபோகும் கல்பாலத்தின் மேல் சுண்ணாம்புத் தளம் போடத் தொடங்கிவிட்டேன். நாள் பார்க்கும் பூசாரி இருபத்திரண்டில் தொடங்கச் சொன்னார். குழியில் சுண்ணாம்பு காய்கிறது, இவருக்கு நட்சத்திரம்! தொண்ணூறு முழம். நாளை பொழுது சாய்வதற்குள் முடிப்பேன்.

அய்யாரு 18
மணல் வண்டியின் அச்சு முறிந்தது. இன்னும் ஒன்பது முழம் பாக்கி, பொழுது சாய்ந்துவிட்டது. சிறைபிடித்துக் கொண்டுவந்த கொத்தனார் ஹனுனு கரணையைக் கீழே வைத்தான்.
"ஐயா, பொழுது சாஞ்சாச்சு, உங்க கணக்குல பத்தொன்பது பொறந்துடுச்சு. ஆகாத நாளு, வேலை செய்யக் கூடாது."
"சமாரியாக்காரனுக்கு எங்க ஆகாத நாள்ல என்னய்யா வேலை? உன் சாமி வேறதானே?"
"சாமி வேறதான். சாட்டை உங்களோடதாச்சே."

19
சும்மா உட்கார்ந்திருக்கிறோம். தளத்தின் விளிம்பு கல்லாகிக்கொண்டிருக்கிறது; புதுச் சுண்ணாம்பு இனி அதோடு சரியாகச் சேராது.

20
மீதியை ஒட்டிவிட்டோம். பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. பார்க்க.

அடுத்த மாதம், சிமானு 24
இரு முனையும் அடைத்துத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் வளைவின் அடியில் சொட்டு. மேலே ஏறி அளந்தேன் — அதே ஒட்டு. வேறெங்கே ஒழுகும்?
மேலதிகாரி உபாரு கத்தினார்: "தார் பூசி மூடுடா. வேலை முடிஞ்சுதுன்னு அரண்மனைக்கு எழுதியாச்சு. அடுத்த மாசம் ராஜா வர்றார்."
"ரெண்டு மழைக்காலத்துல வளைவு இடிஞ்சு உக்காந்துடும்ங்க."
"அதுக்குள்ள உன் தலை இருக்கான்னு பாரு."
அந்த வளைவின் நிழலில்தான் ஹனுனுவின் ஆட்கள் படுக்கிறார்கள்.

25
ஹனுனுவிடம் உடைக்கணும் என்றேன்.
"அன்னைக்கு அவசரப்பட்டது யாரு?"
"நான்தான்."
அவன் சிரித்தான். "அசீரியாக்காரன் வாயில இந்த வார்த்தையை இன்னைக்குத்தான் கேக்குறேன். கடப்பாரை எத்தனை வேணும்?"

செய்ய வேண்டியவை:
1. உபாருவிடம் நேரில்: பிசகு என்னுடையது, பூசாரியுடையதல்ல. தார் பூச மாட்டேன்.
2. ஹனுனுவின் ஆட்களை இன்றே ஐந்தாம் வளைவுக்கு மாற்றுவது.
3. ஒட்டின் இரு புறமும் ஒன்பது முழம் உடைப்பது.
4. பூசாரியிடம் போய் நல்ல நாள் கேட்பது. சிரித்தால் சிரிக்கட்டும்.
5. இரண்டு மணல் வண்டி. அச்சை நானே பார்ப்பது.
6. ராஜா முன் தண்ணீர் திறக்கும்போது மூன்றாம் வளைவின் கீழே நான் நிற்பது.