எண்ணெய்த் துணி மூட்டை தானாகத் தீப்பிடித்த விவரம்

அனுப்புநர்
முத்தாலம்மாள், வயது 71,
க/பெ. சின்னதம்பி (லேட்),
மீன் வறுவல் தள்ளுவண்டி,
இரும்புலியூர்.

பெறுநர்
நிலைய அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு நிலையம்,
தாம்பரம்.

பொருள்: 9.2.2025 ஞாயிறு நடந்த தீ விபத்துக்கு என் அடுப்பு காரணம் அல்ல என்று பதிவு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது. தனசேகரின் மரப் பட்டறைச் சுவரை ஒட்டிப் பதினெட்டு வருடமாக மீன் வறுத்து விற்கிறேன். அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அந்தச் சுவரோரம் கிடந்த சாக்கு மூட்டை எரிந்தது. என் வண்டியின் தார்ப்பாயும் பட்டறையின் இரண்டு கதவும் போயின. "கெழவி அடுப்ப அணைக்காம போயிருக்கும்" என்று பேசி, வண்டியை அகற்றச் சொல்லித் தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்கள் அறிக்கையில் காரணம் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம். அது நிரம்புவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும்.

2. நான் அடுப்பு பற்றவைப்பது மாலை நாலரைக்கு. தீப்பிடித்த நேரம் சிலிண்டர் என் வீட்டில் இருந்தது. மூட்டையை நீங்களே கிளறிப் பார்த்தீர்கள்: நடு உள்ளே கரி, மேல் சாக்கு பாதி அப்படியே. வெளியிலிருந்து பொறி விழுந்திருந்தால் மேலேதானே முதலில் எரியும்?

3. அந்த மூட்டையில் இருந்தது கதவுக்குப் பாலிஷ் போட்ட துணி. ஆளி விதை எண்ணெய் ஊறியது. எதிர் வீட்டு ஏஞ்சல் டீச்சர் கெமிஸ்ட்ரி எடுப்பவர். அவரிடம் கேட்டேன். அந்த எண்ணெயில் லினோலெனிக் அமிலம் என்று ஒன்று, நிறைவுறாத கொழுப்பு வகை, நிறைய இருக்கிறதாம். அது காற்றை இழுத்துக்கொண்டு இறுகும். மரத்துக்குப் பளபளப்பு வருவது அதனால்தான். இறுகும்போது சூடு கிளம்பும். துணியை விரித்துப் போட்டால் சூடு போய்விடும், கசக்கி அமுக்கினால் உள்ளேயே ஏறி ஏறித் தீக்குச்சி இல்லாமல் பற்றும். தேங்காய் எண்ணெயில் அந்தக் குணம் இல்லாத மாதிரிதானாம். இதே ஆளி விதையைத்தான் நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் என்னிடம் பொடி செய்து சாப்பிடச் சொன்னார். விதையில் குற்றமில்லை, வைத்த விதத்தில்தான்.

4. மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். தனசேகர் ஆட்கள் முன்பெல்லாம் துணியைச் சுவர்மேல் ஒவ்வொன்றாக விரித்துத்தான் காயவைத்தார்கள். வாடை என் மீனில் ஏறுகிறது என்று தை மூன்றாம் வெள்ளி நான் போய்க் கத்தினேன். "சரி ஆயா, கண்ணுலயே படாது" என்று தனசேகர் அன்றிலிருந்து எல்லாவற்றையும் சாக்கில் திணித்து வாயைக் கட்டிவைக்க ஆரம்பித்தார். எரிந்தது முந்தின நாள் சனிக்கிழமை கட்டிய மூட்டை. என் அப்பா படகுக்கு மீன் எண்ணெய் பூசுவார். பூசிய துணியைச் சுருட்டி வைத்தால் அடி விழும், மணலில் விரித்தே ஆக வேண்டும். அது மீன் எண்ணெயின் குணம் மட்டும் என்று இத்தனை வருடம் நினைத்துவிட்டேன்.

5. ஆகவே இரும்புலியூர் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுங்கள்: எண்ணெய்த் துணியை வெட்டவெளியில் தனித்தனியாக விரிக்க வேண்டும், அல்லது மூடி போட்ட இரும்பு டின்னில் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். தனசேகர் பட்டறையை மூட வேண்டாம், நாலு குடும்பம் சாப்பிடுகிறது. வெள்ளத்தின்போது என் அண்டாவை வாங்கி ஓட்டையோடு திருப்பித் தந்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை, அது வேறு கணக்கு.

காரணம் என்ற இடத்தில் "எண்ணெய்த் துணியைக் குவித்துக் கட்டியது" என்று எழுதுங்கள். கட்டியது யார் சொல்லி என்று மேலே கேட்டால் என் பெயரை எழுதுங்கள், வந்து பதில் சொல்கிறேன். என் அடுப்பின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

இடம்: இரும்புலியூர்
நாள்: 12.2.2025

இப்படிக்கு,
சி. முத்தாலம்மாள்
(கைநாட்டு அல்ல, என் கையெழுத்து)