ஆனைமலைக்கு, நீடாமங்கலம் வழியாக

நீடாமங்கலம்,
23-2-97, ஞாயிறு.

அன்புள்ள அக்கா அமலிக்கு,

தம்பி ஆல்பின் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே அப்பா, ரோஸ்லின், அனிட்டா, நான் எல்லோரும் சுகம். தவக்காலம் என்பதால் வீட்டில் கவிச்சி இல்லை. அனிட்டா மட்டும் முட்டைக்குத் தன் அம்மாவிடம் முணுமுணுக்கிறாள். உனக்காக இரவு ஜெபமாலையில் பத்து மணிகள் உருட்டித் தவறாமல் ஜெபம் சொல்கிறோம்.

பத்தொன்பது வருஷமாக 'மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு' என்று தொடங்கியே எனக்குப் பழக்கம். நீ மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்பாகூட உன்னைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. இனி 'அக்கா' என்றும் 'நீ' என்றும் எழுதச் சொல்லியிருந்தாய். எழுதிவிட்டேன். பேனா கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை நானும் ரோஸ்லினும் பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்து படித்தோம். ரோமாபுரியிலிருந்து அனுமதித் தாள் வந்துவிட்டது, ஏப்ரல் கடைசியில் மடத்தை விட்டு வெளியே வருகிறேன், அதே முதியோர் இல்லத்தில் சாதாரண உடுப்பில் நர்ஸ் வேலை தொடரும் என்பதை மூன்று வரியில் எழுதியிருக்கிறாய். போன கோடையில் உன்னோடு வேலை செய்கிறவர்களோடு அந்த நாட்டில் ஒரு மலைப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கியதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். அந்த மூன்று பக்கத்தைப் படித்த பிறகு எனக்கு அந்த மூன்று வரியும் புரிந்த மாதிரி இருந்தது. ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. ரோஸ்லினும் அதைத்தான் சொன்னாள். "எத்தனை வருஷம் யோசிச்சாங்களோ, அதை நாம அஞ்சு நிமிஷத்துல விசாரிக்கக் கூடாதுங்க" என்றாள்.

நீ கேட்டதைச் செய்கிறோம். மே மாதம் உன் லீவில் எல்லோருமாக ஒரு மலைக்காட்டில் நான்கு நாள். அப்பாவையும் அழைத்து வருகிறோம். விஷயத்தை அங்கே நீயே அவரிடம் சொல்லிக்கொள். சென்னையில் இறங்கி நேரே கோயம்புத்தூருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். இந்த முறை ஊருக்கு வர மனசில்லை, தெருவில் அத்தனை கண்ணுக்கும் பதில் சொல்ல முடியாது என்கிறாய். உன் இஷ்டம்போல் ஆகட்டும். நீ வந்து போய் ஏழு வருஷம் ஆகிறதே என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

போனில் பேசலாம் என்றால், உங்கள் மடத்தில் போன் கூடத்தில் இருக்கிறது என்கிறாய். இங்கேயும் அப்படித்தான். ரோஸ்லின் ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்து மூன்று வருஷமாகிறது. மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளோடு பேச எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கண்ணாடிக் கதவு பேருக்குத்தான், வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும். எத்தனையோ வீட்டு விஷயம் அவள் காதில் விழுகிறது. ஒன்றுகூட அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதனால் உன் விஷயத்தைப் பற்றிக் கவலைப்படாதே.

மலை என்று நான் ஏறியது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன திருச்சி மலைக்கோட்டைதான், அதுவும் படிக்கட்டில். ரோஸ்லின் அதுவும் ஏறியதில்லை. ஆனால் நேற்றே ஆனைமலைக் காட்டைப் பற்றி விசாரித்துப் பொள்ளாச்சி வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். குடும்பங்களுக்கு அறைதான் தருவோம், கூடாரம் மாணவர் முகாமுக்கு மட்டும்தான் என்றார்களாம். அது சட்டமா, வழக்கமா சார் என்று கேட்டிருக்கிறாள். பார்த்துச் சொல்கிறேன் என்று அங்கிருந்த அதிகாரி போனை வைத்துவிட்டாராம். பார்த்துத்தான் ஆக வேண்டும். என் பெண்டாட்டி விடமாட்டாள்.

உன் தம்பி,
ஆல்பின்


நீடாமங்கலம்,
2-4-97, புதன்.

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துக்கள். நீ அனுப்பிய அட்டை பெரிய வியாழனன்றே வந்துவிட்டது. அதிலிருக்கும் பனிமலையை அனிட்டா கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. அது வழக்கம்தானாம், சட்டம் இல்லையாம். ரோஸ்லின் ஏழு தடவை போன் செய்து, இரண்டு மனு அனுப்பி வாங்கினாள். இப்போது அந்த அதிகாரி, உங்கள் ஊரில் தண்ணீர் நிலவரம் எப்படி என்று இவளிடம் விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். நிபந்தனைகள் உண்டு. ஆறு பேருக்குக் குறையக் கூடாது. வனக்காவலர் ஒருவர் கூடவே இருப்பார். அவர் காட்டும் இடத்தில்தான் கூடாரம், அவர் சொல்லும் இடத்தில்தான் அடுப்பு. கருவாடு கொண்டுவரக் கூடாது, வாசனைக்குக் கரடி வரும் என்றாராம். நாம் ஐந்து பேர்தானே, ஆறாவதாக யார் என்று யோசித்து, வேன் ஓட்டும் கூத்தாநல்லூர் அப்துல் மஜீது அண்ணனையே சேர்த்துவிட்டாள். அவர் சவூதியில் அபா என்ற ஊரில் எட்டு வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். நம் கூட்டத்தில் உன்னைத் தவிர மலை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

கூடாரம் விலைக்கு இங்கே கிடைக்காது. அறுப்பில் மழை வந்தால் நெல்லை மூட வைத்திருக்கிற தார்ப்பாயை அளந்து, கோணி ஊசியால் ரோஸ்லினே தைத்தாள். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. திங்கட்கிழமை காலை களத்தில் நட்டுப் பார்த்தோம். முதல் தடவை காற்றில் சாய்ந்து அப்துல் மஜீது அண்ணன் மேலேயே விழுந்தது. அவர் உள்ளே இருந்தபடியே, தங்கச்சி, கம்பு ரெண்டு அடி குட்டையா இருக்கணும் என்றார். வெட்டிக் குறைத்து நட்டோம். சாயங்காலம் வரை அசையவில்லை. மழை வந்தால் உள்ளே ஓடாமல் இருக்கச் சுற்றிலும் வடிகால் வெட்டினோம். சரிவு தெரியாத ஊரில் பிறந்தாலும், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அட்டைக்கும் பயமில்லை. நடவு வயலில் பார்க்காத அட்டையா?

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். சிஸ்டர் லீவில் வருகிறார்கள், மலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அறுபத்தெட்டு வயசில் மறுப்பார் என்று நினைத்தேன். "அவங்களுக்குக் குளிரும் மேடும் பழக்கம். எனக்குத்தான் பழகணும்" என்றார். மறுநாளிலிருந்து விடிந்ததும் வெண்ணாற்றங்கரையோடு, ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு மதகு வரை நடக்கிறார். வெறுங்கையோடு நடந்தால் என்ன பிரயோசனம் என்று தோள்பையில் ஐந்து படி நெல்லைக் கட்டிப் போட்டுக்கொள்கிறார். ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேனாக இருந்த முப்பத்தைந்து வருஷத்தில் ஒருநாள் தாமதமாகப் போனதில்லை என்பார்களே, அதே ஒழுங்கு. முதல் வாரம் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். இப்போது உட்காருவதில்லை. பின்னால் போகும் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஒரே ஒரு கவலை. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், சிஸ்டர் வர்றாங்க, மே மாசம் வர்றாங்க என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லாதீங்க அப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பனியன் கம்பளி எதுவும் வாங்கி வர வேண்டாம். ரோஸ்லின் எல்லாம் தயார் செய்துவிட்டாள். நீ வந்தால் போதும்.

உன் தம்பி,
ஆல்பின்


நீடாமங்கலம்,
19-4-97, சனி.

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் நீ மடத்தை விட்டுக் கிளம்பும் முன் கையில் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்ல நேர்ந்ததற்கு மன்னித்துக்கொள்.

வேறு வழியில்லாமல் போனது. போன ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடியது. சிஸ்டர் ஏழு வருஷம் கழித்து வருகிறார்கள், ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை பேண்டு வாத்தியத்தோடு அழைத்து வர வேண்டும், மாலை மரியாதை செய்ய வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். அப்பா எழுந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை நடையில் தலைப்பு வரை கூடப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடந்தது. அப்பா பையை இறக்கி வைத்துவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்தார். அப்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உன் மூன்று வரியையும், நீ ஊருக்கு வராமல் நேரே மலைக்கு வர நினைத்ததையும் அப்படியே சொன்னேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாராவது மனசு நோகப் பண்ணினாங்களா?" என்றார். அப்படி எழுதவில்லை என்றேன். "வேலை இருக்கா?" என்றார். அதே இல்லம், அதே வேலை என்றேன். பத்தொன்பது வருஷத்தில் உன்னை 'அவள்' என்று அவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நடக்கவும் போகவில்லை. சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நானும் ரோஸ்லினும் தவித்துப்போனோம். கூடத்தில் மாட்டியிருக்கிறதே, நீ முக்காட்டோடு இருக்கும் படம், அதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்படுகிறாரோ என்று ரோஸ்லின் ஸ்டூலைப் போட்டுக் கழற்றப் போனாள். அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது அங்கேயே இருக்கட்டும்மா. அந்தப் பத்தொன்பது வருஷமும் அவ உழைச்சதுதான். எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

மூன்றாம் நாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார். கூடப் போனேன். கேட்டிலேயே நில் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்ன பேசினார் என்பதைச் சாமியார்தான் பிறகு எனக்குச் சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், "சாமி, பேண்டு வேண்டாம், மாலை வேண்டாம். வர்றது என் மக அமலி. சிஸ்டர் இல்லை. இதை எப்படிச் சொல்றதுன்னுதான் மூணு நாளா பழகிட்டிருந்தேன்" என்றாராம். சாமியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஊருக்குள் பேச்சு வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாராம். பேச்சு வந்தும்விட்டது. ரோஸ்லின் பூத்தில் இரண்டு பேர் ஜாடையாகக் கேட்டார்கள். இவள், உங்க நம்பர் கிடைச்சிருச்சு, உள்ளே போய்ப் பேசுங்க என்றாளாம்.

நம் அப்பா இப்படிப்பட்டவர் என்று எனக்கே இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது, அக்கா. ஒரே வீட்டில் முப்பத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். நீ அத்தனை கடல் தாண்டி இருக்கிறாய், உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

திரும்பி வரும் வழியில் ஒன்று கேட்டார். உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. "இதை என்கிட்ட சொல்றதுக்கு ஒரு மலைக்குப் போகணும்னு நினைச்சிருக்காளே. அவ்வளவு பயப்படுற மாதிரியா நான் இருந்தேன்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

மலைப் பயணம் நிற்கவில்லை. நேற்றிலிருந்து மறுபடி நடக்கிறார். ஆனால் உன் வழியை மாற்றிவிட்டார். கோயம்புத்தூர் டிக்கெட் வேண்டாம் என்கிறார். மே 10 இரவு சென்னையில் ரயில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கி, காலை நாகூர் பாசஞ்சரைப் பிடித்து நீடாமங்கலத்துக்கு வர வேண்டுமாம். "என் மக ஒளிஞ்சு மலைக்குப் போக வேண்டாம். வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்கிறார். மறுநாள் விடிந்ததும் அப்துல் மஜீது அண்ணன் வேனில் எல்லோருமாகக் கிளம்பலாம். வனத்துறையில் சொல்லி ஒருநாள் தள்ளி வைத்துவிட்டாள் ரோஸ்லின்.

அப்பா, அது ஞாயிற்றுக்கிழமை, அந்த வண்டி வரும் நேரத்துக்குப் பூசை முடிந்து சனமெல்லாம் தெருவில் நிற்குமே, வேறு வண்டி பார்க்கலாமா என்றேன். அதனால்தான் அந்த வண்டி என்றார். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வேண்டாமாம். உன்னோடு தெரு வழியாக நடந்து வருவாராம்.

உனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நீ எழுதினால் அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எழுதாதே, அக்கா. வந்துவிடு. சேலையோ, பாவாடையோ, எந்த உடுப்பில் இறங்கினாலும் சரி. ரோஸ்லின் உனக்குக் கறிக்குழம்பும் சோறும் ஆக்கி வைத்திருப்பாள். நாங்கள் நாலு பேரும் பிளாட்பாரத்தில் இருப்போம்.

வேளாங்கண்ணி மாதா உன் கூடவே இருந்து வழிநடத்தட்டும். தஞ்சாவூர் தாண்டியதும் கண் அயர்ந்துவிடாதே. நம் ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம்தான் நிற்கும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் தம்பி,
ஆல்பின்