அப்பாவின் அலவாங்கும் உன் மண் அணையும்

அஜக்ஸ், கனடா,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்புள்ள மகள் ஏஞ்சலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகம். என் முழங்கால் நோவும் அப்பாவின் சீனி வருத்தமும் எங்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கின்றன, அவையும் சுகம். நீயும், இங்கிலாந்தில் நீ காவல் இருக்கும் அந்தப் பழங்கால மண் அணையும், அதன்மேல் மேயும் செம்மறிகளும் இந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு கிழமையும் பூசையில் மன்றாடுகிறேன். செம்மறிகளுக்காக மன்றாடுவதில் சுவாமியாருக்கு ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன். இந்தக் காலத்தில் அம்மா ஏன் பேனை எடுத்தாள் என்று நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. ரெலிபோனில் சொல்லலாமென்றால் உன் அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தி பார்க்கிற மாதிரிக் கதிரையில் இருந்து காது கொடுக்கிறார். அதனால்தான் அவருக்குத் தெரியாமல் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நத்தார் பண்டிகைக்கு லீவு இல்லை, வரமுடியாது என்று ஒரு வரி போட்டிருந்தாய். லீவு இல்லையா, அப்பாவின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியாதா? நான் உன்னைப் பெற்றவள்.

ஆகஸ்டில் நடந்ததை இன்னொரு முறை நினைத்துப் பார்ப்போம், உனக்கு இனிக் கொஞ்சம் சிரிப்பும் வரக்கூடும். நீ எங்களை வரச்சொன்னாய், வேலை செய்யும் இடத்தைக் காட்டப்போகிறேன் என்றாய். நாங்களும் பழங்கால அரண் என்றால் கல்லில் கட்டிய கோட்டை, கொத்தளம், பீரங்கி என்று நினைத்து நல்ல உடுப்புக் கொண்டுவந்தோம். நான் சேலையில் நின்று படம் எடுக்கவும் ஆயத்தம். லண்டனில் இருந்து உன் மரியோ மாமாவும் செலீன் மாமியும் இரண்டு வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தால் ஒரு நீளப் புல் மேடு, பக்கத்தில் ஒரு பள்ளம், மேலே ஆடு. கோட்டை எங்கே என்று செலீன் என்னிடம் காதுக்குள் கேட்டாள். நான் உன் மானத்தைக் காப்பாற்ற, உள்ளே இருக்கும் என்றேன். நீயோ நாங்கள் பத்து மணிக்கு வருவோம் என்று நினைத்து சுற்றிப் பார்க்க வரும் உன் கூட்டத்தை அழைத்துவரப் போயிருந்தாய். ஆனால் உன் அப்பா பார்க்கில் ஒன்றுகூடல் என்றால் விடிய முதல் போய் நல்ல இடத்தைப் பிடித்துத் துணி விரித்து வைக்காவிட்டால் நித்திரை வராத ஆள். இங்கே ஸ்காபரோவில் பழகின பழக்கம் இங்கிலாந்துக்குப் போனால் மாறுமா? எல்லாரையும் எட்டு மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

காற்றுப் பிடிக்கிற உயரமான இடமென்று அந்த மேட்டின் உச்சியை அவர்தான் தெரிந்தெடுத்தார். நிழலுக்குக் கூடாரம் வேண்டும், அதைக் கட்ட மரியோ தன் வேலையிடத்தில் இருந்து கொண்டுவந்த இரும்புக் கம்பிகளை உன் அப்பா சுத்தியலால் மேட்டில் அடித்து இறக்கினார். அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வொலிபோல் வலை கட்டாமல் எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு செமிக்குமா? மரியோவின் வானில் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு ஒன்று கிடந்தது. லண்டனில் அலவாங்கு வைத்திருப்பவன் என் தம்பியாகத்தான் இருப்பான். உன் அப்பா கையில் துப்பி, கம்பம் நட இரண்டு குழி தோண்டினார். நல்ல மண், கல்லே இல்லை என்று மெச்சிக்கொண்டு வேறு தோண்டினார். இரண்டாவது குழி முடிகிற நேரம்தான் நீ வந்தாய், பின்னால் தடி ஊன்றின வெள்ளைக்காரக் கூட்டமும், உன் வேலையிடத்துப் பெரியவா அந்த நரைத்த மனுசியும். ஆயிரத்து இருநூறு வருடமாக இந்த இடத்தில் ஒருவரும் மண்வெட்டி வைத்ததில்லை என்று நீ சொல்லிக்கொண்டு வந்த வாய் அப்படியே நின்றது. உனக்கு முன்னால் உன் அப்பா, அலவாங்கோடு, கையை ஆட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு நடந்தது பகிடியில்லை, அதையும் நான் மறைக்கவில்லை. நீ அழுத கண்ணோடு எல்லார் முன்னாலும் சொன்னாய்: "அப்பா, உங்களுக்கு எதிலயும் ஒரு மரியாதை இல்லை." அவர் அலவாங்கைக் கீழே வைத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிடுங்கினார், தோண்டிய மண்ணைக் கையாலேயே அள்ளிக் குழியில் போட்டார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்க, அவர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தனியே போய் நின்றார். அவ்வளவு மட்டன் ரோல்ஸ் செய்துகொண்டு வந்தேன், ஒன்றையும் தொடவில்லை. உன் பெரியவாதான் ஒன்று கையிலும் ஒன்று வாயிலுமாக நின்று, இதற்குள் என்ன போடுவீர்கள் என்று என்னிடம் கேட்டா. சொந்த அப்பா செய்ததை நீயே மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்ததும், அதனால் உன் வேலை நிரந்தரமாவது தள்ளிப் போகுமோ என்று நீ பயந்ததும் எனக்குத் தெரியும். அது ஒருவாறு சரிவந்தது, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். சரிவராதது நீங்கள் இரண்டு பேரும்தான். அன்று தொடக்கம் நீ ரெலிபோன் எடுத்தால் அவருக்குக் கறாச்சில் ஏதோ வேலை வந்துவிடும். நீயும் அப்பா எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு அணை மாதிரி, இந்தப் பக்கமும் இடி, அந்தப் பக்கமும் இடி.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம், கவனமாக வாசி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் 401 பெருந்தெருவின் சத்தம் கேட்காமல் வீடு கட்டினவர்கள் கொட்டிவிட்ட மண்மேடு இருக்கிறதே, நீ வந்தால் அதில் ஏறி நின்று சிக்னல் தேடுவாய். நாய் கொண்டுபோகிறவர்களும் சறுக்கி விளையாடுகிற பிள்ளைகளும் நேரே ஏறி ஏறி, நடுவில் புல்லெல்லாம் செத்து, மழைத் தண்ணீர் வாய்க்கால் போட்டுவிட்டது. ஒக்ரோபரில் ஒருநாள் பார்க்கிறேன், உன் அப்பா அங்கே குனிந்து நிற்கிறார். அடுத்த நாளும். புல் விதை, நல்ல மண் எல்லாம் வாங்கிவந்து காயத்துக்கு மருந்து கட்டுகிற மாதிரி அந்தப் பள்ளத்தை நிரப்பினார். ஆட்கள் அதில் ஏறாமல் கயிறு கட்ட வேண்டும், கயிற்றுக்குத் தடி வேண்டும். தடியை எப்படி நிறுத்தினார் தெரியுமா? மேட்டில் அடிக்கவில்லை. என் பெயின்ற் வாளிகள் எல்லாவற்றையும் எடுத்து, அவற்றுக்குள் கல் போட்டு, அதற்குள் தடியை நிறுத்தி, வாளிகளை வரிசையாக மேட்டில் வைத்தார். நான் ஜன்னலால் பார்த்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் அண்ணையை உனக்குத் தெரியும்தானே. ஸ்னோ தள்ளுகிற புளோவர் மிசின் புதிதாக வாங்கி, இன்னும் ஸ்னோ விழாததால் வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வேலியால் எட்டிப் பார்த்து, என்ன கஸ்பர், ஏதும் புதையல் புதைச்சிருக்கிறீரோ என்று கேட்டார். உடனே உன் அப்பா அவருக்கு ஒரு பிரசங்கம் வைத்தார் பார், மேட்டைப் பிடித்து வைத்திருப்பது புல் வேர்தான், நேரே ஏறினால் மழை அரித்துக்கொண்டு போகும், சரித்துச் சுற்றி நடக்க வேண்டும், முயல் வளை இருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். பிள்ளை, அது முழுக்க நீ அந்த வெள்ளைக்காரக் கூட்டத்துக்குச் சொன்னது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மனுசன் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். அண்ணை விடவில்லை, உது ரக்கில கொண்டுவந்து கொட்டின மண், உதுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றார். அதற்கு இவர், ரக்கை ஓடினவன் ஆர் அண்ணை என்று கேட்டார். பிறம்ரனில் அத்தனை வருடம் மண் ஏற்றுகிற ரக் ஓடினவர் இவர்தானே, அண்ணை திரும்பப் போய் மிசினைத் துடைத்தார்.

அன்று பின்னேரம் ரீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மகளோடு இன்னும் என்ன கோபம் என்று கேட்டேன். கோபமோ என்று என்னைப் பார்த்தார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் எனக்கே சொல்லாத ஒன்றைச் சொன்னார். சண்டைக் காலத்தில் மன்னாரில், அவருக்கு மீசை அரும்பின வயதில், முகாமைச் சுற்றி மண் அணை போட ஊர்ப் பெடியன்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஓலைக் கடகத்தில் மண் சுமந்து சுமந்து தோள் புண்ணாகி, இரவில் கவிழ்ந்துதான் படுப்பார்களாம். அவரோடு சுமந்தவர்களில் சிலர் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை. ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கட்டுவிச்ச அரசன்ர பேர் இருக்கு, சுமந்த சனத்தின்ர பேர் ஒண்டும் இல்லையெண்டு ஏஞ்சலா சொன்னவள். நான் சுமந்தவன். நானே அதுக்குள்ள அலவாங்கைப் போட்டிட்டன். அவளோட எந்த முகத்தோட கதைக்கிறது?"

நீயும் நானும் இவ்வளவு நாளும் அதைக் கோபம் என்று நினைத்தோம். அது வெட்கம், ஏஞ்சலா. நீ சொன்னது பிழையென்று நான் சொல்லமாட்டேன், உன் இடத்தில் நான் நின்றிருந்தால் அலவாங்கைப் பறித்தே இருப்பேன். ஆனால் மரியாதை இல்லை என்ற சொல்லை மட்டும் நீ திருப்பி எடுக்க வேண்டும், அந்த வாளிகளைப் பார்த்த நாளில் இருந்து எனக்கு அது பொறுக்கவில்லை. நத்தாருக்கு வா. ரிக்கெற் விலையை எனக்குக் காரணமாகச் சொல்லாதே. வரும்போது என் வாளிகளையும் எப்படியாவது மீட்டுத் தா, பெயின்ற் அடிக்கிற வேலை அப்படியே கிடக்கிறது.

ஈரச் சப்பாத்தோடு நாள் முழுக்க நிற்காதே, ஒரு சோடிச் சொக்ஸ் பையில் வைத்திரு. இரவில் பாணும் சீஸும் கடித்துவிட்டுப் படுக்காமல் ஒரு பிடி சோறு சமை. கறித்தூள் முடிந்திருந்தால் செலீனிடம் கேள், நான் கொடுத்ததில் பாதி உனக்கென்று சொல்லித்தான் கொடுத்தேன். உன் பெரியவாவுக்கு ரோல்ஸ் எப்படிச் செய்வதென்று மற்றக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன், உறைப்பைக் குறைத்து எழுதினேன். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று தொடங்கினேன், இப்போது மனம் மாறிவிட்டது. உறையை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போகிறேன். அவர் வாசிப்பார், வாசிக்காத மாதிரி ஒட்டியும் வைப்பார். கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காத்து, நல்ல சுகத்தோடு வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இரவுச் செபத்தை மறந்துவிடாதே.

இப்படிக்கு, உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அன்ரனெற்

ஏஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறாள், இரண்டாவது குழி முடியவில்லை, பாதிதான். அந்த இடத்தில் புல் வந்துவிட்டதா? இங்கே மேட்டில் வடக்குப் பக்கம் ஒரு துண்டு இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது. அதில் என்ன செய்ய வேண்டுமென்று நீ வந்து பார்த்துச் சொல். உன்னைக் கேட்காமல் நான் கை வைக்க மாட்டேன். எயார்போட்டுக்கு நான் வருகிறேன்.