தீர்ப்பு வந்த பிறகும் வாய்தா

கொழிஞ்சாம்பாறை
ஆவணி 12

என் கண்ணு மௌனிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதும் எனக்கு உள்ளபடி தெரிய வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் என் அண்ணன் மகன் சிவப்பிரகாஷ் வெள்ளிக்கிழமை டப்ளினுக்குத் திரும்பும்போது இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சித்தப்பாவோடு நடந்த வண்டித்தடக் கேஸ் சித்திரையில் நம் பக்கம் தீர்ந்தது உனக்குத் தெரியும். தோப்புக்குப் போகிற அந்த ஆறடித் தடத்துக்குப் பதினைந்து வருஷம். அன்று பாயசம் வைத்தேன், அப்பா இரண்டு டம்ளர் குடித்தார், இனி மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன். எங்கே? அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை விடிவதற்குள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறார். கோர்ட்டில் வாய்தா புதன்கிழமைதானே வரும். "ஏனுங்க, கேஸுதான் முடிஞ்சிருச்சுங்களே, எங்க பொறப்பட்டீங்க" என்று கேட்டதும் அசடு வழியச் சிரித்தார், ஆனால் தின்ற இட்லி அப்படியே வெளியே வந்துவிட்டது. வாய்தா நாளென்றால் முன்பும் அப்படித்தான், வயிறு கலக்கும், கழுத்து இறுகும், இரண்டு நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். கேஸ் போயும் இவையெல்லாம் போகவில்லை. ஆடியில் பால் சொசைட்டி வாசலில் கேனோடு சாய்ந்துவிட்டார். சாப்பிடாமல் வந்த மயக்கம் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய் கண்ணு. பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது, சர்க்கரையும் இருக்கிறது, வயிற்றில் புண்.

பக்கத்துச் சித்தூரில் பார்த்த ரிஜின் டாக்டருக்குச் சின்ன வயசு, ஆனாலும் பொறுமைசாலி. டென்ஷன் ஏதாவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். உன் அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர், இருந்த ஒரு கேஸும் ஜெயிச்சாச்சுங்க" என்றார். எத்தனை வருஷம் நடந்தது என்று கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாம்பைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பு நெஞ்சைப் படபடக்க வைக்கிறது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, ஓடி முடித்ததும் எல்லாம் இறங்கிவிட வேண்டும், வருஷக்கணக்கில் பாம்பு முன்னாலேயே நின்றால் உடம்பு இறங்கவே மறந்துவிடும், ரத்தக் குழாய், வயிறு, தூக்கம் எல்லாம் கெடும் என்றார். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். மெல்லத்தான் சரியாகும், சில சரியாகாமலும் போகலாம் என்றும் சொன்னார்.

இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? கேஸின் நாலாம் வருஷம் சித்தப்பா நம் வாசலுக்கே வந்தார். "ரெண்டு பேரு வண்டியும் போகட்டும், உட்ருலாமுங்கண்ணா" என்றார். அப்பா தலையாட்டப் போனார். நான்தான் உள்ளே இருந்து, "உட்டுக் குடுத்தா ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்க முடியுங்களா" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்பா, "இன்னும் ரெண்டு வாய்தாதான, தாக்குப்புடிச்சுக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். போன ஞாயிறு நீயும் அதையே சொன்னாய். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, வீட்டுக்குத் தூரமாகி நான்கு மாதமாகிறது, காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது என்று யாருக்கோ நடப்பதுபோல் சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு வருசந்தானம்மா, தாக்குப்புடிச்சுட்டா இந்த ஊர் பாஸ்போர்ட் வந்துரும்" என்றாய். இரண்டு வருஷம் முன்னால், மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார், வந்துவிடட்டுமா என்று நீ அழுதபோது, பொறுத்துக்கொள், வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சொன்னதும் நான்தானே. அப்பாவுக்குச் செய்ததையே உனக்கும் செய்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் கண்ணு, என்னை மன்னித்துவிடு.

தீர்ப்பு வந்ததும் தடத்துக்குக் குறுக்கே நாம் பூட்டிய சங்கிலியின் சாவியை நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நீ இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார், நான்கு மாதம் என்பதை வெட்கப்பட்டு மறைக்காதே. அங்கே இருப்பதா வருவதா என்பது உன் முடிவு. வருவதானால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய்க்கு இன்னும் ஒரு வியாதியும் வரவில்லை.

மாகாளியம்மன் உன் கூடவே இருந்து உன் உடம்பையும் மனசையும் காக்கட்டும். மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. மேற்கு அறையில் உன் கட்டில் மேல் இத்தனை வருஷமாக அடுக்கி வைத்திருந்த கேஸ் கட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
செல்லாத்தாள்