திறக்கவா, விடவா

மார்ச் 3

என் எழுத்தாளருக்கு,

நான் நலம். கடையும் நலம், திரைச்சீலைத் துணி நாற்பது கட்டு வந்து இறங்கியிருக்கிறது. நீங்கள் கதை எழுதிய பேய் வீடியோ கேமை ஆடினேன். பேயைக் காணோம். ஒரு கடைக்காரி, அவள் புருஷன், நாற்காலியில் அவன் பை. 'திறக்கவா, விடவா' என்று திரை கேட்கிறது. இதென்ன கேள்வி? பிரித்துப் பார்க்காமல் நான் எந்தச் சரக்கை வாங்கியிருக்கிறேன்? திறந்தேன். ஒற்றைக் கம்மல். உடனே சுவரெல்லாம் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டது. கம்மல் யாருடையது? கேம் கம்பெனி வேலைக்கென்று அந்த ஊருக்குப் போன எட்டு மாதத்தில் இரண்டே தடவைதான் வீட்டுக்கு வந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

கம்மல் யாருடையதும் இல்லை. ஆடுகிறவர் பையைத் திறந்தால்தான் கேம் அதற்குள் எதையாவது வைக்கும். மறுபடி திறந்தால் வேறொன்று வரும். சந்தேகம்தான் அதில் பேய். வேலை ஓயவில்லை, அதனால்தான் வரவில்லை. ஒரே ஒரு தடவை திறக்காமல் விட்டுப் பாரேன். எனக்காக.

உன்னவன்

மார்ச் 15

என் எழுத்தாளருக்கு,

விட்டேன். புருஷன் வந்தான், கை கழுவினான், சாப்பிட்டான், படுத்தான். முடிந்தது. இதற்கா இவ்வளவு கெஞ்சல்? ஒரே துணியைத் திரும்பத் திரும்ப விரித்துக் காட்டுகிற கடைக்காரன் எதையோ சொல்ல வந்து முழிக்கிறான் என்று அர்த்தம். எனக்குத் தெரியாத வியாபாரமா?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 20

முதலாளியம்மா,

நீ விடவில்லை. விட்டிருந்தால் அவன் சாப்பிட உட்காரவே மாட்டான். நான் எழுதியது எனக்குத் தெரியாதா? என் போனையும் இப்படித்தான், பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்பாய். கடைசியாகக் கேட்கிறேன். விடு. அதற்கப்புறம் எழுது.

மார்ச் 26

எழுத்தாளருக்கு,

பொய்தான் சொன்னேன். பதினோரு தடவை ஆடி, பதினோரு தடவையும் திறந்தேன். நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, 'விடு' என்பதை அழுத்தினேன்.

அவன் வந்தான். பையைத் தானே எடுத்து அவள் முன்னால் கவிழ்த்தான். வேறொரு வீட்டின் சாவி விழுந்தது. "ஆறு மாசமா அவளோட அங்கதான் இருக்கேன். நீ துருவித் துருவிக் கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன். நீ நம்பிட்டே. அதான் தாங்க முடியல" என்றான்.

கம்மலைக் கேம் வைத்தது. சரி. சாவியை வைத்தது நீங்கள்.

நான் நம்பினால்தான் உண்மை வெளியே வரும். அதுவரைக்கும் சந்தேகப்படுகிற நான்தான் பேய். நல்ல ஏற்பாடு. வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல், ஊரே ஆடுகிற விளையாட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் திரை கேட்டது, மன்னிப்பதா, போகச் சொல்வதா என்று. இரண்டு பதிலையும் நீங்களே எழுதி வைத்திருந்தீர்கள். எதையும் அழுத்தாமல் அணைத்துவிட்டேன்.

என் பதிலை நானே எழுதிக்கொள்கிறேன். உங்கள் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் கட்டியாயிற்று. முகவரி அனுப்புங்கள். அலுவலக முகவரி வேண்டாம். அந்த வீட்டு முகவரி.

இப்படிக்கு,
திரைச்சீலைக் கடைக்காரி